அப்பாவின் வாக்கருக்காகப் போட்ட வினைல் தரை: சில ஆண்டுகள் புழங்கிய பின்

அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, வீட்டில் முதலில் மாற்ற வேண்டியிருந்தது தரையைத்தான். பழைய டைல்ஸ் பளபளப்பானது. ஒரு துளி ஈரம் பட்டாலும் வழுக்கும். ஒவ்வொரு அறை வாசலிலும் கல் ஒன்று விரல் கனத்துக்கு எழும்பி நிற்கும், வாக்கரின் முன்கால் அதில் தட்டும். ஆகவே கூடம், நடைவழி, இரண்டு படுக்கையறைகள் எல்லாவற்றுக்கும் ஒரே மட்டத்தில் வினைல் பலகை போட்டோம். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் எஸ்பிசி வகை. பலகை 5 மி.மீ., அடியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மெத்தைத் தாள் 1 மி.மீ., மேலே தேய்மான அடுக்கு 0.5 மி.மீ. வெளிர் ஓக் மர நிறம். சில ஆண்டுகள் புழங்கிவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் தேவைக்கு இது நல்ல தரை, மறுபடியும் இதையே போடுவேன். ஆனால் இது நன்றாக இருப்பதற்குக் காரணம், விற்கும் இடத்தில் அதிகம் பேசிய விஷயங்கள் அல்ல. அவர்கள் பேசியதெல்லாம் நிறம், மர வரி, மொத்தத் தடிமன், "நூறு சதவீதம் நீர் புகாது" ஆகியவை பற்றி. தரையை இத்தனை நாள் காப்பாற்றியது இரண்டே இரண்டு: மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத அடுக்கு, கீழே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத தளம்.

மேலே இருப்பதைப் பார்ப்போம். வினைல் பலகையில் நாம் காணும் மரம் ஓர் அச்சிட்ட தாள். அதன் மேல் நிறமற்ற பிவிசி படலம் ஒன்று போர்த்தியிருக்கும், அதன் மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு. இந்தப் படலம்தான் தேய்மான அடுக்கு. அது தேய்ந்து அச்சுத் தாள் வெளியே வந்துவிட்டால் தரையின் கதை முடிந்தது. மரத் தரையைப் போல இழைத்துப் புதுப்பிக்க முடியாது. 5 மி.மீ. பலகையா, 8 மி.மீ. பலகையா என்பது இந்த விஷயத்தில் எதையும் மாற்றாது. 8 மி.மீ. பலகை ஒன்றின் மேல் வெறும் 0.2 மி.மீ. படலம் இருந்ததை நானே பார்த்தேன். அதைவிடக் கனம் குறைந்த பலகையில் 0.5 இருந்தது. ஆள் நடமாட்டம் குறைந்த படுக்கையறைக்கு 0.2 போதலாம். சாதாரணமாகப் புழங்கும் வீட்டுக்கு 0.3. நாய், குழந்தைகள், சக்கரம் வைத்த நாற்காலி, எங்களைப் போல வாக்கர் இருந்தால் 0.5 கேளுங்கள்.

சில அட்டைகளில் இது மில் என்ற அளவில் இருக்கும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 12 மில் என்றால் 0.3 மி.மீ., 20 மில் என்றால் 0.5 மி.மீ. கடையில் ஒருவர் "இது 6 மில்" என்று சொன்னதை, பக்கத்தில் நின்றவர் 6 மில்லிமீட்டர் என்றே எடுத்துக்கொண்டார். 6 மில் என்பது 0.15 மி.மீ.தான். இதை நேரே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பெட்டியில் ஐஎஸ்ஓ 10874 என்ற தரத்தின்படி ஒரு வகுப்பு எண்ணும் போட்டிருக்கலாம்: 21 முதல் 23 வரை வீட்டுப் புழக்கம், 31 முதல் 34 வரை கடை, அலுவலகம் போன்ற வணிகப் புழக்கம். வீட்டு எண்களில் 23 கனமான புழக்கத்துக்கானது. எங்கள் பெட்டியில் 23, 33 இரண்டும் இருந்தன. அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகுதான் மற்றதை யோசித்தேன்.

எஸ்பிசி என்பது நடுப்பகுதியின் பெயர். சுண்ணாம்புக்கல் தூளையும் பிவிசியையும் கலந்து அழுத்திய கெட்டியான பலகை. டபிள்யூபிசி என்று இன்னொன்று உண்டு. அதன் நடுப்பகுதி நுரைத்தது, காலுக்குக் கொஞ்சம் மென்மை, ஆனால் கனமான மேசைக்கால் அழுத்தினால் பள்ளம் விழும் வாய்ப்பு அதிகம். சுருளாக வரும் ஷீட் வினைலும் பசை போட்டு ஒட்டும் 2, 3 மி.மீ. பலகையும் வேறு இனம். ஒட்டிய தரையில் நடந்தால் சத்தம் குறைவு, அசைவே இருக்காது. ஆனால் கழற்றும் நாள் வந்தால் பெரிய வேலை. லேமினேட் பார்வைக்கு இதே மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது மர நாரை அழுத்திய பலகை. மூட்டு வழியாகத் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பும், உப்பியது மறுபடி அமராது. அப்பாவின் அறையில் தண்ணீர்க் குவளை கவிழாத வாரமே கிடையாது என்பதால் லேமினேட் வேண்டாம் என்று விட்டோம்.

மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரமும் இருட்டு மூலையிலும் சில நாள் போட்டுவைத்தோம். கடை விளக்கில் தேன் நிறமாகத் தெரிந்தது வீட்டில் சாம்பல் பூத்துத் தெரிந்தது. சாவியின் முனையால் கீறிப் பார்த்தோம். இன்னொன்றும் செய்யலாம்: ஒரு முழுப் பெட்டியைப் பிரித்துப் பலகைகளை வரிசையாகப் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். அச்சிட்டதுதானே, ஒரே முடிச்சு, ஒரே வரி எத்தனை பலகைக்கு ஒருமுறை திரும்பி வருகிறது என்று அப்போதுதான் தெரியும். ஆழமான மர வரி கைக்கு அழகாகத் தட்டுப்படும், ஆனால் அழுக்கு அதில் தங்கும். நாங்கள் ஆழம் குறைந்ததை எடுத்தோம். துடைப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

இனி கீழே இருப்பது. இதில்தான் நான் பிடிவாதமாக நின்றேன், நின்றது நல்லதாயிற்று. போட வந்தவர் "டைல்ஸ் மேலேயே பரப்பிவிடலாம், ஒன்றும் ஆகாது" என்றார். டைல்ஸ் மேல் பரப்பலாம் என்பது உண்மைதான், ஆனால் எந்த டைல்ஸ் மேல் என்பது முக்கியம். பூட்டு வகைப் பலகைகள் தரையில் ஒட்டாமல் மிதக்கும். அடியில் பள்ளம் இருந்தால், அங்கே கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் மூட்டு வளையும். வளைந்து வளைந்து ஒருநாள் பலகைகளைப் பூட்டும் மெல்லிய நாக்கு ஒடியும். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே இடைவெளி வரும், அதில் அழுக்கு போகும், விளிம்பு எழும்பும். பலகையோடு வந்த தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது என்று இருந்தது. பல தயாரிப்பாளர்கள் இதை ஒட்டிய அளவையே சொல்கிறார்கள்.

நேரான நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றையும் ரசமட்டத்தையும் வைத்து அறை முழுக்கப் பார்த்தோம். ரசமட்டம் சரிவைத்தான் காட்டும். சரிவு இருந்தால் பரவாயில்லை. சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் இடங்கள்தான் பிரச்சினை. கூடத்தின் நடுவில் ஒரு பள்ளம், நடைவழியில் தட்டினால் உள்ளே வெற்றாக இருப்பது போலச் சத்தம் கேட்கும் டைல்ஸ் சில. அவற்றைப் பெயர்த்து, தானே சமமாகப் பரவும் சிமென்ட் கலவையை ஊற்றி, டைல்ஸுக்கு இடையிலான அகலமான கோடுகளையும் நிரப்பினோம். வாசல் கற்களையும் இழைத்து மட்டமாக்கினோம். வேலை தள்ளிப்போனது, செலவும் கூடியது. இன்றுவரை ஒரு மூட்டும் அங்கே விடவில்லை.

மட்டத்துக்கு அடுத்தது ஈரம். "நீர் புகாது" என்பது பலகையைப் பற்றிய பேச்சு. மேலே கொட்டியது கீழே போகாது என்றால், கீழே இருக்கும் ஈரமும் மேலே வந்து காய முடியாது என்றுதானே அர்த்தம்? இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. சின்ன படுக்கையறையில் டைல்ஸை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாகச் சிமென்ட் தளம் போட்டிருந்தோம். 25 மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காயவிட வேண்டும் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. அதற்கு மேலும் பொறுத்து, ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தோம். தாளின் அடியில் வியர்த்தாலோ சிமென்ட் கருத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. முதல் தடவை வியர்த்தது, காத்திருந்தோம். இது சுலபமான சோதனை, ஆனால் முழுச் சோதனை அல்ல. பெரிய வேலையாக இருந்தால் ஈரப்பதம் அளக்கும் கருவியோடு வருபவரை அழைப்பது நல்லது. ஈரத்தின் மேல் போட்டுவிட்டால் பூஞ்சை வாடை வரும், அதற்குப் பலகையைக் கழற்றுவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களுக்கு முன் போட்ட 9 அங்குலச் சதுர வினைல் ஓடுகளிலும் அவற்றின் அடியில் இருக்கும் கறுப்புப் பசையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதை உடைக்கவோ சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். முதலில் சோதனைக்குக் கொடுங்கள். தூசியாக மூச்சில் போனால்தான் கல்நார் ஆபத்து; அசையாமல் கிடக்கும்வரை அது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது.

பலகை போடும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டிகளை 48 மணி நேரம் அந்த அறையிலேயே படுக்கையாக வைத்திருந்தார்கள். சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங் என்னும் சுவரடிப் பட்டையால் மறைத்தார்கள். வெயிலுக்கு விரியவும் குளிருக்குச் சுருங்கவும் தரைக்கு அந்த இடம் வேண்டும். நல்ல மெத்தையாக இருக்கட்டும் என்று இன்னொரு நுரைத் தாள் போடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். வேண்டாம். ஏற்கெனவே ஒட்டிய தாளோடு இன்னொன்று சேர்ந்தால் அடிப்பக்கம் அதிகமாக அமுங்கும், பழையபடி மூட்டுக்குத்தான் அடி. அதேபோல சுவரில் பொருத்தும் கனமான அலமாரிகளை முதலில் பொருத்திவிட்டு, தரையை அதுவரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மிதக்கும் தரையை ஒரு பக்கம் ஆணியால் அறைந்துவிட்டால், மறுபக்கம் அது இழுத்துக்கொண்டு விலகும்.

புது வாடை சில நாள் இருந்தது. ஜன்னல்களைத் திறந்துவைத்து, அப்பாவை அந்த நாட்களில் என் அக்கா வீட்டில் இருக்கச் சொன்னோம். பிவிசியை இளக்கச் சேர்க்கும் பொருள்களில் ஆர்த்தோ தாலேட் என்ற வகை உடலுக்குக் கெடுதல் என்று பல தயாரிப்பாளர்கள் இப்போது விட்டுவிட்டார்கள். தாலேட் இல்லாதது என்று எழுத்தில் இருக்கிறதா, காற்றில் கலக்கும் வேதிப்பொருள்களுக்காக ஃப்ளோர்ஸ்கோர் போன்ற சான்று இருக்கிறதா என்று கேட்டே வாங்கினோம். வீட்டிலேயே நாள் முழுக்க இருப்பவர் ஒருவர் இருக்கும்போது இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, நடந்து பார்த்தால் எப்படி? டைல்ஸின் சில்லிப்பு இல்லை, காலையில் வெறுங்காலை வைத்தாலும் திடுக்கிடாது. வாக்கர் வாசல்களில் தட்டாமல் போகிறது. அப்பா முன்பு வாசல் வந்தால் நின்று, குனிந்து பார்த்து, அப்புறம்தான் காலை எடுத்து வைப்பார். இப்போது நிற்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தத் தரைக்கு நன்றி சொல்வேன்.

குறைகளும் உண்டு. எஸ்பிசி மெத்தென்று இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடுவில் இருப்பது கல்தூள். விழுந்தால் டைல்ஸில் விழுந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. விழும் பயம்தான் முதன்மையானது என்றால், நுரை அடிப்பாகம் வைத்த ஷீட் வினைலைப் பாருங்கள். நாங்களும் அதை யோசித்தோம், ஆனால் அந்த மென்மையில் வாக்கர் புதைவதும் கட்டில் கால் பள்ளம் விழுவதும் எங்களுக்குச் சரிப்படவில்லை. வழுக்கலிலும் அப்படித்தான். தண்ணீர் மட்டும் இருந்தால் பழைய டைல்ஸைவிடப் பிடிப்பு நன்றாக இருக்கிறது. சோப்பு நீர் இருந்தால் வழுக்கத்தான் செய்கிறது. செருப்போடு வேகமாக நடந்தால், அடியில் வெற்றாக இருப்பது போல ஓர் ஓசை கேட்கும். மிதக்கும் தரைகளுக்கு அது இயல்பு.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த குறை வேறு. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், இரவில் வாக்கர் நிற்கும் இடத்தில், பழுப்பு நிறத்தில் நான்கு வட்டங்கள் விழுந்துவிட்டன. அழுக்கு என்று நினைத்து எதைப் போட்டுத் துடைத்தாலும் போகவில்லை. காரணம் வாக்கரின் கால் முனைகளில் இருக்கும் ரப்பர். ரப்பரில் வெடிப்பு விழாமல் இருக்க அதில் சேர்க்கும் வேதிப்பொருள்கள் மெல்ல வினைலுக்குள் இறங்கி நிறம் மாற்றுகின்றன. கறை மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. எந்தத் திரவமும் அதை எட்டாது. ரப்பர் அடிப்பாகம் வைத்த மிதியடி, உடற்பயிற்சிச் சாதனங்களின் கால், வாகன டயர் எல்லாம் இதே வேலையைச் செய்யும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இது இருக்கிறது. பெட்டியின் மேலேயே பெரிதாகப் போட வேண்டிய விஷயம். வாக்கரும் ஊன்றுகோலும் இருக்கும் வீடுகளில்தானே இந்தத் தரையைப் பரிந்துரைக்கிறார்கள்!

இப்போது வாக்கரின் கால்களுக்குக் கறை படியாத வெளிர் சாம்பல் நிற உறை போட்டிருக்கிறோம், இரவில் அது நிற்கும் இடத்தில் ஒரு பருத்தி விரிப்பும் உண்டு. மிதியடி வாங்கும்போது அடிப்பக்கம் நெசவாக இருக்கிறதா, வினைலுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிடுவேன்.

பராமரிப்பில் என் பெரிய எதிரி மணல். தண்ணீரைவிட, கறையைவிட, காலோடு வரும் மணல்தான் மேல் பூச்சை மெல்லச் சுரண்டி மங்கவைக்கிறது. அதனால் வாசலில் நல்ல மிதியடி, தினமும் மைக்ரோஃபைபர் துணியால் உலர்ந்த துடைப்பு. வாக்குவம் என்றால் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு ஓட்ட வேண்டும். நாற்காலிக் கால்களில் ஃபெல்ட் ஒட்டியிருக்கிறோம். ஆனால் அந்த ஃபெல்ட்டே மணலைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புத்தாளாகிவிடும், அடிக்கடி பார்த்து மாற்ற வேண்டும். சுழல் நாற்காலிக்கு கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு மென்மையான பாலியூரித்தேன் சக்கரம் போட்டோம்.

ஈரத் துடைப்புக்கு நன்றாகப் பிழிந்த மாப், அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலைத் திரவம் சில துளி. திரவம் அதிகமானால் தரை மங்கும். காரணம் எளிது: காய்ந்த சோப்பு ஒரு படலமாக நிற்கிறது, அதில் அழுக்கு ஒட்டுகிறது, மங்கலாகத் தெரிகிறதே என்று இன்னும் கொஞ்சம் திரவம் ஊற்றத் தோன்றுகிறது. தரை மங்கிவிட்டதாகப் புலம்பிய தோழி ஒருவரின் வீட்டில் வெறும் வெந்நீரில் இரண்டு மூன்று முறை துடைத்தோம். பழைய நிறம் திரும்ப வந்துவிட்டது. நீராவி மாப் வேண்டவே வேண்டாம், சூடான ஆவி மூட்டுக்குள் போய்ப் பலகையை வளைக்கும். ப்ளீச்சும் வேண்டாம். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பிவிசியின் மேற்பரப்பையே இளக்கிவிடும். "மேஜிக் ஸ்பாஞ்ச்" என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். கறையோடு பூச்சையும் எடுக்கும்.

மெழுகு போட்டுப் பளபளப்பாக்கலாம் என்ற யோசனை லினோலியத்திலிருந்து வந்தது. லினோலியம் ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள், சணல் துணி ஆகியவற்றால் ஆனது. ஃபிரெடரிக் வால்டன் 1860-களில் காப்புரிமை பெற்றது. வினைல் முழுக்க வேறு சரக்கு. பாலியூரித்தேன் பூச்சு உள்ள பலகையில் மெழுகு பிடிக்காது, திட்டுத்திட்டாக நின்று வழுக்கும். வாக்கர் இருக்கும் வீட்டில் அது ஆபத்து.

அப்பாவின் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து ஒருமுறை சிந்தியது. உடனே துடைத்ததால் தப்பித்தோம். ஓரத்தில் காய்ந்திருந்த சொட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெல்ல ஒற்றி எடுத்தேன். முடிச் சாயமும் நிரந்தர மார்க்கரும் இதே மாதிரிதான், நேரம் கடந்தால் உள்ளே இறங்கும்.

பால்கனிக் கதவருகே மதிய வெயில் நேராக விழுகிறது. வினைலுக்குச் சூடு ஆகாது. விரியும், நிறமும் வெளுக்கும். கருநிறப் பலகை இன்னும் அதிகமாகச் சூடேறும். வெயில் நேரத்தில் திரை போடுகிறோம். அப்படியும் அங்கே ஒரு பலகையில் பூட்டு விட்டுவிட்டது. தரைக்கு ஆயுட்கால உத்தரவாதம் என்று அட்டையில் இருந்தது. எடுத்துப் படித்தால் வெயில், கீறல், தளத்தின் ஈரம், போட்ட விதம் எல்லாம் விலக்கு. பலகை உற்பத்திக் குறை என்றால் மட்டும் புதிது தருவார்கள், மாற்றும் கூலி நம்முடையது. வாங்கும் முன் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நல்லவேளையாக அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்கியதில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அந்தப் பலகை சுவருக்குப் பக்கத்து வரிசையில் இருந்ததால் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, ஓரத்திலிருந்து பிரித்துக்கொண்டே வந்து, புதியதைப் பூட்டி, திரும்ப மூடிவிட்டார்கள். அறை நடுவில் என்றால் பலகையை வெட்டி எடுத்து, பூட்டு நாக்கைச் சீவிப் பசை போட்டுப் பொருத்த வேண்டியிருக்கும். மிச்சப் பெட்டியைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், பலகை வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில் படுக்கையாக வையுங்கள். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் உற்பத்தித் தொகுதி எண்ணையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தொகுதியில் அதே பெயரில் வரும் ஓக் நிறம் இதே ஓக் நிறமாக இருக்காது.